கைமணம் கிதாரிலும் உண்டு: ஜெஃப் பெக்கின் ‘டச்’

ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் வாசிக்கும் காணொளி எதையாவது பார்க்க உட்கார்ந்தால், வலது கையை மட்டும் பாருங்கள். கிதார் என்றாலே நம் கண் இடது கைக்குத்தான் ஓடும். விரல்கள் கம்பிகளின் மேல் ஏறி இறங்குவது அங்கேதானே! பெக்கிடம் பாதிக் கதை வலது கையில் நடக்கிறது. கட்டைவிரல் ஒரு கம்பியைச் சுண்டுகிறது. சுண்டிய மறுகணம் சுண்டுவிரல் கிதாரின் உடலில் இருக்கும் சின்னக் குமிழைத் திருகி ஒலியை மெல்லத் திறந்துவிடுகிறது. உள்ளங்கையை ஒட்டி ஓர் உலோகக் கோல் கிடக்கிறது. அதை நூலளவு அமுக்குகிறார், ஸ்வரம் தலை குனிந்து நிமிர்கிறது. ராக் கிதார்காரர்கள் கம்பியைத் தட்ட வைத்திருக்கும் பிளாஸ்டிக் ‘பிக்’ அவர் கையில் இல்லை. இத்தனையும் ஒரே ஒரு ஸ்வரத்துக்கு.

2007 நவம்பர் கடைசியில் லண்டனின் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் அவர் சில நாட்கள் தொடர்ந்து வாசித்தார். அது படமாக்கப்பட்டிருக்கிறது. சின்ன இடம் என்பதால் கேமரா அவர் கைக்கு வெகு அருகில் போய்விடுகிறது. அந்தப் பதிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கைக்காகத்தான் பார்க்கிறேன்.

அவருடைய ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் நாலு வாக்கியத்துக்குள் ‘டச்’ என்ற சொல் வந்துவிடும். நம் ஊர் வாத்தியக்காரர்களிடமும் அந்தப் பேச்சு உண்டு: “அவர் டச்சே தனி!” கிதார் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இது கொஞ்சம் மர்மமாகத் தோன்றும். கம்பியைத் தொட்டால் ஒலி வரும், அதில் என்ன தனி?

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கைமணம். அதே புளி, அதே மிளகு, அதே அடுப்பு. ஆனால் அத்தை வைக்கும் ரசம் நமக்கு வராது. பெக் வாசித்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிதார் எந்த நல்ல கிதார் கடையிலும் கிடைக்கும். வாங்கி வந்து, அவர் வாசித்த அதே ஸ்வரங்களை அதே வரிசையில் வாசித்தாலும் அவர் ஒலி வருவதில்லை. சமையலில் கைமணத்தைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கிதாரில் ஓரளவு சொல்லிவிடலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாக. 1944 ஜூன் 24 அன்று இங்கிலாந்தில், அப்போது சர்ரே பகுதியில் இருந்த வாலிங்டனில் பிறந்தவர். சிறுவயதில் கிதார் வாங்க வழியில்லாமல் சுருட்டுப் பெட்டிகளை ஒட்டி உடலாக்கி, வேலிக்கட்டையைக் கழுத்தாக்கி, பொம்மை விமானத்துக்கான கம்பியைக் கட்டித் தானே ஒன்று செய்து பார்த்தவர். 1965இல் கிதார்காரர் எரிக் கிளாப்டன் விலகிய இடத்தில் யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். பின்னர் சொந்தக் குழு, பாட்டே இல்லாத வாத்திய இசைத்தட்டுகள், எட்டு கிராமி விருதுகள். 2023 ஜனவரி 10 அன்று, மூளைக்காய்ச்சலால், 78 வயதில் காலமானார். மேடை இல்லாத நாட்களில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவருக்கு உயிர். கிரீஸ் படிந்த கைதான் இவ்வளவு மென்மையாக ஒரு கம்பியைத் தொட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி டச்சுக்கு வருவோம்.

ஒரு கம்பியைச் சுண்டும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. தொட்டு விடுகிற கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்ன மோதல். அதன் பின் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்வரை நீளும் நாதம். நம் எழுத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ‘கா’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் தொண்டையில் தட்டுவது க், பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டக்கூடியது ஆ. மோதல் மெய், நீளும் நாதம் உயிர். கிதாரின் ஒவ்வொரு ஸ்வரமும் இப்படி ஓர் உயிர்மெய்.

ஒரு வாத்தியத்தை இன்னது என்று நம் காது அடையாளம் காண்பதில் அந்த மெய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. பதிவு செய்த ஒலியில் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டால், இது கிதாரா, பியானோவா, வேறெதுவுமா என்று சொல்லத் தடுமாறுவோம். பெக்கின் சுண்டுவிரல் செய்வது இதைத்தான். வால்யூம் குமிழை முழுதாக மூடி வைத்துக் கம்பியைச் சுண்டுகிறார். மோதல் யாருக்கும் கேட்பதில்லை. உடனே குமிழைத் திறக்கிறார். நாதம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வருகிறது. மெய்யைக் கழித்துவிட்டு உயிரை மட்டும் தருகிறார். கிதார் ‘ஆ’ என்று பாடுவதுபோல் இருப்பதன் ரகசியம் இதுதான். உங்களிடம் எலக்ட்ரிக் கிதார் இருந்தால் இன்றே செய்து பாருங்கள். செய்வது சுலபம். ஆனால் வேகமான ஒரு வரிசையின் நடுவே, மற்ற விரல்கள் வேறு வேலையில் இருக்கும்போது, வேண்டிய ஒரே ஸ்வரத்துக்கு மட்டும் அதைச் செய்ய வருஷங்கள் ஆகும்.

அடுத்தது, கம்பியை எதால் தொடுகிறோம் என்பது. பிக் மெல்லியது, கெட்டியானது. அது கம்பியைக் கூர்மையாக மடித்து விடுவதால் கீச்சென்ற மேல் ஒலிகள் கூடுதலாகக் கிளம்பும். விரலின் சதை அகலமானது, மெத்தென்றது. அது விடும்போது ஒலி உருண்டையாக வருகிறது. எங்கே தொடுகிறோம் என்பதும் அவ்வாறே. கம்பி முடியும் பாலத்தின் பக்கம் சுண்டினால் ஒலி கூராகும், கழுத்துப் பக்கம் நகர்ந்தால் கனியும். எண்பதுகளில் பெக் பிக்கைக் கீழே வைத்துவிட்டார். அதன் பின் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், நகம், சதை என்று ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனிக் குரல் ஆயின. ஒரே வரியில் மூன்று பேர் பேசுவதுபோல் கேட்கும்.

இதோடு ஆம்ப், அதாவது கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, சேர்கிறது. ராக் இசையில் ஆம்பைக் கொஞ்சம் திணறும் அளவுக்கு ஏற்றி வைப்பார்கள். அந்த நிலையில் மெல்லத் தொட்டால் தெளிவாகப் பேசும், ஓங்கித் தட்டினால் உறுமும். பலர் உறுமலுக்கும் தெளிவுக்கும் காலால் பொத்தானை மிதித்து மாறுவார்கள். பெக்கும் பொத்தான்கள் வைத்திருந்தவர்தான், ஆனாலும் அந்த வேலையின் பெரும்பகுதியை விரலும் குமிழும் பார்த்துக்கொண்டன.

இப்போது அந்த உலோகக் கோல். ‘வாமி பார்’ என்பார்கள். கம்பிகள் முடியும் பாலத்தில் செருகியிருக்கும். அமுக்கினால் பாலம் சாய்ந்து கம்பிகள் தளரும், ஸ்வரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். பலர் இதை வேட்டுப் போடுகிற மாதிரித்தான் பயன்படுத்துகிறார்கள்: பாட்டின் உச்சத்தில் ஓர் அலறல், அவ்வளவுதான். பெக் பாலத்தை மிதக்கும்படி அமைத்திருந்தார். அதனால் கோலை அமுக்கினால் ஸ்வரம் இறங்கும், மேலே இழுத்தால் ஏறும். கம்பி சிக்காமல் சரியாகத் திரும்பிவர, கழுத்தின் தலைப்பக்கம் உருளைகள் வைத்த தாங்கி. இந்த ஏற்பாட்டின் மேல் அவர் கட்டியது வேறெவரும் துணியாத ஒன்று.

கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். ஃப்ரெட் என்பார்கள், நம் வீணையின் மெட்டு மாதிரி. அவை ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாக வெட்டி வைத்திருக்கின்றன. குரலுக்குப் படிகள் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும், நடுவில் தயங்கும், அசையும். தமிழ்க் காதுக்கு இதை விளக்கவே வேண்டாம், கமகம் கேட்டு வளர்ந்த காது அது. வீணையில் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து அதைக் கொண்டுவருகிறோம். கிதார்காரர்களும் அப்படி இழுப்பார்கள், ‘பெண்ட்’ என்பார்கள். பெக் அதையும் செய்தார், கூடவே கோலாலும் செய்தார். இடது விரல் ஓரிடத்தில் நிற்க, வலது உள்ளங்கையின் அழுத்தத்தாலேயே ஸ்வரத்தை அடுத்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவார். கோலில் கோடு ஏதும் போட்டிருக்காது. எவ்வளவு அமுக்கினால் எந்த ஸ்வரம் என்று காதுதான் சொல்ல வேண்டும். மயிரிழை பிசகினாலும் அபஸ்வரம்.

இதன் உச்சம் 1989இல் வந்த ‘வேர் வேர் யூ’ என்ற சின்ன உருப்படி. கம்பியை அழுத்தாமல் அதன் சரிபாதியில் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் சுண்டினால், மணியோசை போல ஓர் ஒலி மேல் ஸ்தாயியில் கேட்கும். ஹார்மோனிக் என்பார்கள். அது சில இடங்களில் மட்டுமே தெளிவாகக் கிடைக்கும் என்பதால் அதை வைத்து முழு மெட்டு வாசிப்பது கடினம். பெக் மணியோசையை எழுப்பிவிட்டு, அது அணைவதற்குள் கோலால் அதை வளைத்து வளைத்து மெட்டைப் பாடவைக்கிறார். பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடலைக் கேட்டு அதில் லயித்துப்போய் எழுந்த உருப்படி அது. ஒரு கிதார்காரர் இன்னொரு கிதார்காரரைப் பார்த்து எழுதியிருந்தால் இது பிறந்தே இருக்காது என்று நினைக்கிறேன். மனிதக் குரலைப் பார்த்து எழுதியதால் பிறந்தது.

இந்தியக் குரலும் அவருக்கு அந்நியமில்லை. 1965இல் யார்ட்பேர்ட்ஸ் ஒரு பாட்டுக்குச் சிதார் வேண்டுமென்று வாசிப்பவரை ஸ்டுடியோவுக்கே அழைத்தார்கள். அது அந்தப் பாட்டில் சரியாக உட்காரவில்லை. பெக் தன் கிதாரிலேயே, ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியோடு, சிதாரின் சாயலைக் கொண்டுவந்து கொடுத்தார். வெளிவந்தது அதுதான். முப்பத்தைந்து வருஷம் கழித்து, இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் ‘நதியா’ என்ற பாடலை எடுத்துக்கொண்டார். அதைப் பாடியவர் ஸ்வாதி நாடேகர். அவர் குரலின் வளைவுகளையும் பிருகாக்களையும் பெக் கிதாரில் பின்தொடர்ந்து போகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ராக் பழக்கமே இல்லாத சங்கீத ரசிகருக்கு பெக்கை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வாசிக்காமல் விடுவதும் டச்சில் சேர்த்திதான். பெக் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துவார். அடுத்த வரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் ஏதோ சொல்வார், பெக் அதற்குப் பதில் சொல்வார். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒருவரின் வாசிப்பு அது. அவருடைய நட்புகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாததற்குக் காரணமும் இதுதான்.

பெக் முதன்மையாகப் பாடகர் அல்ல. தானே பாட்டெழுதிக் குவித்தவரும் அல்ல. அவருக்கு எப்போதும் இன்னொருவர் தேவைப்பட்டார்: ஒரு பாடகர், ஒரு கீபோர்டுக்காரர், ஒரு டிரம்ஸ்காரர். பின்னாளில் லெட் செப்பலின் ராக் குழுவின் கிதார்காரரான ஜிம்மி பேஜை பெக்குக்கு அறிமுகப்படுத்தியவர் பெக்கின் அக்கா. இருவரும் அப்போது பதின்வயதுப் பையன்கள். 1965இல் யார்ட்பேர்ட்ஸ் முதலில் பேஜைத்தான் கேட்டார்கள். ஸ்டுடியோ வேலையில் மும்முரமாக இருந்த அவர், நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த நன்றிக்காகப் பெக் அவருக்கு ஒரு டெலிகாஸ்டர் கிதாரைக் கொடுத்தார். பேஜ் பின்னாளில் அதில் டிராகன் வரைந்தார். லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டும், 1971இல் வந்த ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலின் தனி வாசிப்பும் அந்தக் கிதாரில் பிறந்தவை. உலகமே வாய்பிளந்து கேட்ட அந்த வாசிப்புக்குப் பின்னால் ஒரு நண்பன் கொடுத்த கிதார் இருக்கிறது.

இது வழுவழுவென்று போன நட்பு அல்ல. 1968இல் பெக் தன் குழுவோடு ‘ட்ரூத்’ இசைத்தட்டைக் கொண்டுவந்தார். பாடியவர் ராட் ஸ்டூவர்ட், பேஸ் வாசித்தவர் ரானி வுட். இருவரும் அப்போது பெரிதாக அறியப்படாதவர்கள். சில மாதங்களில், 1969 ஜனவரியில், பேஜின் லெட் செப்பலின் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ‘ட்ரூத்’தில் இருந்த ஒரு பழைய ப்ளூஸ் பாட்டு அதிலும் இருந்தது. பெக்கின் பதிவில் அந்தப் பாட்டுக்கு ஆர்கன் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் இப்போது பேஜின் குழுவில்! பெக் மிகவும் நொந்துபோனார். அதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். செப்பலின் உலகப் புகழ் பெற்றது. பெக்கின் குழு 1969இல், உட்ஸ்டாக் இசை விழாவில் வாசிக்க இருந்த நிலையில், அதற்குச் சற்று முன்னால் உடைந்தது. அவரோடு குழுவாக நிலைப்பது எளிதாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோபக்காரர், சட்டென்று விலகிவிடுபவர்.

ஆனால் நட்பு முறிந்துபோகவில்லை. 1983இல் ரானி லேன் என்ற இசைக்கலைஞர் நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, நிதி திரட்ட லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நடந்தது. யார்ட்பேர்ட்ஸில் ஒருவர் பின் ஒருவராகக் கிதார் வாசித்த கிளாப்டன், பெக், பேஜ் மூவரும் முதல்முறையாக ஒரே மேடைக்கு வந்தது அன்றுதான். 2009இல் பெக் தனிக் கலைஞராக ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, அவரைப் பற்றி மேடையில் பேசி வரவேற்றவர் பேஜ். அன்று இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தப் பதிவில் பேஜின் முகத்தைப் பாருங்கள், தன் நண்பனின் ரசிகராகவே நின்றுகொண்டிருக்கிறார்.

சீமோர் டங்கனின் கதை சின்னது, எனக்கு மிகவும் பிடித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் கிதார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த இளைஞர் அவர், பெக்கின் தீவிர ரசிகர். உடைந்துபோன டெலிகாஸ்டர் ஒன்றைச் சரிசெய்து, அதில் தானே சீர்படுத்திய பிக்கப்புகளை, அதாவது கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகங்களை, பொருத்தி, பெக்கிடம் கொடுத்தார். பெக் பதிலுக்கு, யார்ட்பேர்ட்ஸ் காலத்தில் தான் வாசித்த 1954ஆம் ஆண்டு எஸ்கொயர் கிதாரையே கொடுத்துவிட்டார். டங்கன் கொடுத்த அந்தக் கிதார்தான் 1975இல் ‘ப்ளோ பை ப்ளோ’ இசைத்தட்டில் ஸ்டீவி வொண்டர் எழுதித் தந்த மெட்டைப் பாடியது. பீட்டில்ஸைப் பதிவுசெய்த ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பு. முழுக்க வாத்திய இசையான அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. அதே ஆண்டு கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவோடு சேர்ந்து ஊர் ஊராக வாசித்தார் பெக். மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தவர். கம்பியை இழுத்துப் பாடவைக்கும் கலை கர்நாடக சங்கீதத்தோடு உறவுள்ளவர்கள் வழியாகவும் பெக்கின் வட்டாரத்தில் உலவிக்கொண்டிருந்தது.

2023 மே 22, 23 தேதிகளில், பெக் இறந்து நாலு மாதம் கழிந்த நிலையில், கிளாப்டன் அதே ஆல்பர்ட் ஹாலில் நண்பர்களைக் கூட்டினார். ராட் ஸ்டூவர்ட், ரானி வுட், மெக்லாஃப்லின், டெரெக் ட்ரக்ஸ், பில்லி கிப்பன்ஸ், கர்க் ஹேமெட் என்று நீண்ட வரிசை. ஒரு காலத்தில் போட்டியாளர்கள் என்று ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு பேசிய இருவரில் ஒருவர், மற்றவருக்காகச் செய்த கடைசி மரியாதை அது.

புதிதாகக் கேட்க வருபவர்கள் ரானி ஸ்காட்ஸ் பதிவிலிருந்தே தொடங்கலாம். அதில் ஸ்டீவி வொண்டரின் அந்த மெட்டைத் தேடிப்பிடியுங்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, எந்த ஸ்வரத்துக்கு மெய் இருக்கிறது, எது உயிர் மட்டும் என்று பிரித்துக் கேளுங்கள். மறுமுறை கண்ணைத் திறந்து வலது கையைப் பாருங்கள். பாட்டின் நடுவில் பேஸ் கிதார் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று வரும். வாசிப்பவர் டால் வில்கன்ஃபெல்ட், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண், அப்போது இருபதே வயது. அறுபத்து மூன்று வயது பெக் ஒதுங்கி நின்று, அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலோடு பார்க்கிறார். அவள் ஓர் அழகான வரியை முடித்ததும் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.